செம்பனுக்கு நடந்த துக்க ஹர்த்தால்

செம்பனாக நடித்த சானு கொடுத்த வாக்குமூலம். பெயர்: சானு. தகப்பனார் பெயர்: ஈசாக். வயது: 41. தொழில்: தொலைக்காட்சித் தொடரில் நடிப்பு. இருப்பிடம்: காரோடு. மலையாளம் நன்றாகப் பேசுவேன் என்றாலும் வாசிக்கவும் எழுதவும் தமிழே எனக்குச் சரளம் என்பதால், நான் கேட்டுக்கொண்டபடி இது தமிழில் எழுதப்படுகிறது.

நான் மேற்படி விலாசத்தில் மனைவி ஷீனாவுடன் குடியிருந்து வருகிறேன். ‘வான்தோணி’ என்ற விண்வெளித் தொடர் ஆறு வருடத்துக்கு முன் தொடங்கியதிலிருந்தே அதில் செம்பன் என்ற இயந்திர மனிதனாக நடித்து வந்தேன். செம்பனுக்கு முகம் கிடையாது, ஃபைபர் கவசம்தான். குரல் மலையாளத்துக்கு ஒருவருடையது, தமிழுக்கு இன்னொருவருடையது. முடிவில் ஓடும் பெயர்களிலும் செம்பனுக்கு நேராக யார் பெயரும் வராது. அது நிஜ இயந்திரம் என்றே பிள்ளைகள் நம்பட்டும் என்பது கம்பெனியின் முடிவு. செட்டில் போட்டோ எடுக்கவும் தடை உண்டு. ஆகவே செம்பனில் என்னுடையதாக இருந்தது நடை மட்டும். தோளை முதலில் திருப்பி, இடது முழங்காலை மடக்காமல் வைக்கும் அந்த நடையை யாரும் சொல்லித் தரவில்லை, நானே உண்டாக்கினேன்.

இந்த வருடம் தொடரின் மூன்றாம் பாகம் வந்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது பைகளிலும் குடைகளிலும் செம்பன் இருந்தான். ஓணத்துக்குத் திருப்புறத்தில் அவன் உருவத்தில் அத்தப்பூக்கோலம் போட்டார்கள், நானும் ஷீனாவும் போய்க் கூட்டத்தில் நின்று பார்த்தோம். அதன் பிறகு, கதையில் ஒரு சாவு வேண்டும் என்று சேனல்காரர்கள் சொன்னதன் பேரில், கலத்தைக் காப்பாற்றப் போய் செம்பன் எரிந்து கடலில் விழுவதாக எடுத்தார்கள். அது ஒளிபரப்பான பிறகு எழுந்த கண்டனத்தைப் பார்த்துச் சேனல் பயந்துவிட்டது. அதன் பிறகு தயாரிப்பு மேற்பார்வை பார்க்கும் ரதீஷ் எனக்குப் போன் செய்து, செம்பனைத் தண்ணீரிலிருந்து உயிரோடு எழுப்பப் போவதாகவும், கள்ளிக்காடு பக்கம் அணையில் எடுக்க மறுநாள் மதியம் வரை மட்டுமே அனுமதி என்றும், நான் வராவிட்டால் கவசத்துக்குள் வேறு ஆளை ஏற்ற வேண்டிவரும், ஏறியவரே தொடர்வார் என்றும் கூறினார். எனக்கு வேறு தொழில் தெரியாது.

மறுநாள் காலையில் பைக்கில் புறப்பட்டேன். வழியெல்லாம் கறுப்புக்கொடி, கடைகள் அடைப்பு. டீக்கடை மோகனனிடம் யார் இறந்தது என்று கேட்டதற்கு, தெரியாது, கொடியைக் கண்டதும் ஷட்டரை இறக்கிவிட்டேன் என்றார். நம் பக்கத்தில் அது வழக்கம்தான் என்பதால் நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. அதன் பிறகு திருப்புறம் ஜங்ஷனை அடைந்தபோது, சாலைக்குக் குறுக்கே பெஞ்சும், செம்பன் படத்துடன் ‘ஆதராஞ்சலிகள்’ என்று எழுதிய ஃப்ளெக்ஸும், அதன் முன் குத்துவிளக்கும் இருந்தன. அன்று செம்பனுக்கான துக்க ஹர்த்தால் என்று ரசிகர் மன்றத் தலைவர் அஜேஷ் கூறினார். ஆஸ்பத்திரி, கல்யாணம், மரிப்பு என்று போகிறவர்களை மட்டும் விட்டார்கள்.

நான் அஜேஷைத் தனியே அழைத்து, நான்தான் செம்பன், என்னை விட்டால் செம்பன் பிழைப்பான் என்று சொன்னேன். அப்படியானால் அந்தக் குரலில் பேசச் சொன்னார். குரல் என்னுடையதல்ல என்றேன். அதற்குள் சுற்றி வந்து நின்றவர்கள் சிரித்தார்கள். ரதீஷுக்குப் போன் செய்தேன், அணைப் பக்கம் ரேஞ்ச் இல்லை. அதன் பிறகு பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு, ஃப்ளெக்ஸுக்கு முன்னால் நடந்து காட்டினேன். சிரிப்பு நின்றது. அஜேஷுக்குக் கண் கலங்கிவிட்டது. அடையாளம் கண்டுகொண்டார் என்றே நினைத்தேன். அவர் என் தோளில் கைவைத்து, “அண்ணே, நல்லா செய்யுதிய. ஆனா இது மரிச்ச வீடாக்கும். இங்க வந்து மிமிக்ரி காட்டப்பிடாது” என்றார்.

என்னை யாரும் அடிக்கவில்லை, தகாத வார்த்தை பேசவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு நிழலில் உட்காரவைத்தார்கள். கடையெல்லாம் அவர்களே அடைத்திருந்தும் எங்கிருந்தோ சர்பத் கொண்டுவந்து கொடுத்தார்கள். போலீஸ் வந்து பெஞ்சை அகற்றிய பிறகே சாவி கிடைத்தது. நான் அணைக்குப் போய்ச் சேர்ந்தபோது, லைட் பிரிவில் வேலை செய்யும் மனு கவசத்தைக் கழற்றிவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். காட்சி நன்றாக வந்திருப்பதாகவும், இனி மனுவே தொடர்வார் என்றும் ரதீஷ் கூறினார்.

அந்தக் காட்சி ஒளிபரப்பான அன்று ஊரில் பட்டாசு வெடித்தார்கள். மனு இரண்டு முழங்காலையும் மடக்கித்தான் நடந்தார். அதைக் கவனித்தவர் என் மனைவியைத் தவிர வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியாத வருத்தம். ஷீனா டிவியை அணைத்துவிட்டு, “ஒரு மரிப்புக்குப் போறேன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாவ” என்றாள்.

சாலையை மறித்ததாக அஜேஷ் முதலானோர் மேல் பதிவாகியுள்ள இந்த வழக்கில், என் வேலை போனதற்காக நஷ்ட ஈடு கோருகிறேனா என்று கேட்கப்பட்டது. கோரவில்லை. அவர்கள் மேல் எனக்குப் புகாரும் இல்லை. அவர்கள் அழுதது என்னை நினைத்துத்தான், அது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். அதன் தொடக்கத்தில் ‘செம்பனாக நடித்ததாகச் சொல்லிக்கொள்ளும் சானு’ என்று இருந்த இடத்தில், ‘செம்பனாக நடித்த சானு’ என்று திருத்தும்படி கேட்டேன். ஆதாரம் உண்டா என்றார். இல்லை என்றேன். திருத்தாமல் ஒப்பமிட மாட்டேன் என்றும் சொன்னேன். திருத்தப்பட்டது. மற்றபடி இதில் கண்டவை அனைத்தும் நான் சொன்னவாறே உள்ளன, சொன்னவை அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) சானு

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது. திருத்தம்: ஒன்று. சாட்சி வற்புறுத்தியதன் பேரில்.

(ஒப்பம்) பதிவு செய்த அதிகாரி