ஈரம் போன இடம் வரை

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளபடி சரி. வயது நாற்பத்தொன்று. தையல் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலேயே குடியிருக்கிறேன். கடலோர வெள்ளை வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்ததாக அந்த வீட்டுக்காரர் கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்கப்பட்டு இதைச் சொல்கிறேன்.

சென்ற மழைக்காலத்தில் அந்த வீட்டுக்கு எதிரே குளிக்க இறங்கிய என் தங்கை கரையேறவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதன் பிறகு தினமும் கடை திறக்கும் முன் அங்கே போய் நடப்பேன். கரையும் தன் சொத்து என்று சொல்லி வீட்டுக்காரர் என்னை விரட்டினார். கடலோர அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "கடல் நனைக்கிற இடம் வரைக்கும் எல்லாருக்கும் பொதுதாம்மா. காஞ்ச மணல்ல மட்டும் கால வைக்காதீங்க" என்று அங்கிருந்த அதிகாரி சொன்னார். அன்று முதல் நான் ஈரத்தைத் தாண்டியதில்லை.

அதன் பிறகு வீட்டுக்காரர் லாரியில் காய்ந்த மணல் வரவழைத்து, அலை இறங்கியதும் ஈரத்தின் மேல் கொட்டி மூடச் செய்தார். கடலுக்கே போர்வை போர்த்துகிற மகராசன் என்று நான் கடையில் சொல்லிச் சிரித்தது உண்மை. அவரை வாய்க்கு வந்தபடி திட்டியதும் உண்மை. தங்கை கடைசியாகக் கால் வைத்த இடத்தை மூடினால் எனக்கு வயிறு எரியாதா?

சம்பவத்தன்று விடியும் நேரத்தில் கடல் பொங்கி, கொட்டிய மணலை வாரிக்கொண்டு, வீட்டின் கண்ணாடிக் கதவை உடைத்துக் கூடத்துக்குள் புகுந்து வடிந்திருந்தது. நான் போனபோது ஈரம் கூடத்தின் நடுவரை இருந்தது. நானும் அதுவரை போனேன். மாடிப்படியருகே உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரின் மனைவி என்னைக் கண்டு சத்தம் போடவில்லை. "அவளோட அக்காவா நீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இப்பத்தான் மேல போனா. தினம் வர்றா. அவர்கிட்ட சொன்னா எனக்குப் புத்தி கலங்கிடுச்சுங்கிறாரு. நீங்களாவது கூட்டிட்டுப் போங்க" என்றார். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

அதன் பிறகு மாடிப்படியைப் பார்த்தேன். கடல் தண்ணீர் அங்கே ஏறியிருக்கவில்லை. ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து படி வரையிலும், பிறகு படிக்குப் படியும், ஒரு பாதம் வைக்கும் அளவுக்கு ஈரம் இருந்தது. அந்த ஈரத்தில் மட்டுமே கால் வைத்து ஏறினேன். மேலே, சாத்தியிருந்த ஓர் அறைக் கதவோடு ஈரம் நின்றுவிட்டது. தட்டினேன். "வாடி, வீட்டுக்குப் போலாம்" என்றேன். அதற்குள் வீட்டுக்காரர் வந்து என் கையைப் பிடித்துக் கீழே இழுத்து வந்தார். அந்த வீட்டில் நான் எதையும் எடுக்கவில்லை, உடைக்கவில்லை.

இனி அந்தக் கரைப் பக்கமே வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வீட்டுக்காரர் புகாரை வாபஸ் வாங்குவார் என்று இங்கே சொன்னார்கள். அந்தக் கதவை என் கண்ணெதிரே திறந்து காட்டாமல் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். தங்கையைக் 'காலஞ்சென்ற' என்று எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன், அடித்தார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னதுதான், உண்மைதான்.

(ஒப்பம்)