மாடியில் காய்ந்த ரெசின்

— அடியில கிடக்கறது மேல வரணும் யானை. நல்லாக் கிளறு.

— கிளறிக்கிட்டுத்தானே இருக்கேன் சின்னவரே.

— பேருதான் யானை. நாலு நாளா இதையேதான் சொல்ற. குனிஞ்சு குனிஞ்சு கிளறி எனக்குக் கழுத்து வெந்துபோச்சு. நீ தண்ணித்தொட்டி நிழல்ல நின்னு வேடிக்கை பார்த்த.

— ஒருத்தர் ஆசையா வேலை செய்யும்போது நாம குறுக்க போகலாமா.

— இந்த வாய்க்குத்தான் உன்னை இந்த மாசத்தோட அனுப்பப் போறேன். அக்கா வரட்டும், முதல் வேலை அதுதான். அன்னிக்கு நான் மூட்டையப் பிரிச்சப்போ என்ன சொன்ன?

— பிரிக்காதீங்க, கட்டிடுங்கன்னேன்.

— பன்னெண்டு மூட்டை. பன்னெண்டும் உள்ள சொதசொதன்னு ஈரம். லாரியில வரும்போது மழை பூந்திருக்கு. அதை அப்படியே கட்டி வெச்சா நாறிப் போகாதா? லாஜிக் வேணாமா யானை? ஈரமா இருந்தா வெயில்ல போடணும். சிம்பிள்.

— நீங்க சொன்னா சரி.

— அக்கா படியேறி வருது. நீ வாயைத் திறக்காத, நான் பேசிக்கறேன்.

— கடையத் திறந்து போட்டுட்டு ரெண்டு பேரும் மொட்டை மாடியில என்னடா பண்றீங்க? கீழ ஒரு ஈ காக்கா இல்ல. எவனாவது உள்ள வந்து மீனோட தொட்டியையும் தூக்கிட்டுப் போனாக்கூடத் தெரியாது.

— வாக்கா. பேத்தி எப்படி இருக்கா?

— நல்லா இருக்கா, உன்னை மாதிரியே ஓயாமக் கத்தறா. அது என்ன தார்ப்பாயில?

— நம்ம ரெசின்தான்.

— என்னது?

— தண்ணி சுத்தம் பண்ற ரெசின்க்கா. நீ ஆஸ்பத்திரி வேலைக்குன்னு வாங்கிப் போட்டியே, அது. எல்லாம் நனைஞ்சு வந்திருந்துச்சு. நீ ஊர்ல இல்ல, உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னு நானே முடிவெடுத்துக் காய வெச்சுட்டேன். தொட்டுப் பாரு, இப்ப ஒரு பொட்டு ஈரம் இல்ல.

— நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்.

— என்னக்கா?

— பன்னெண்டுமா?

— பன்னெண்டும்தான். ஒண்ணு விடல.

— இங்க பாரு. அது ஈரமாத்தான்டா வரும். ஈரம் இருக்கற வரைக்கும்தான் அதுக்கு உயிரு. கடையில மீன் வாங்கினா துடைச்சுக் காய வெப்பியா நீ?

— ஏன், இப்ப மறுபடி நனைச்சுட்டாப் போச்சு.

— காஞ்சதுல தண்ணி பட்டா உள்ளுக்குள்ள வெடிச்சுப் பொடிப்பொடியாப் போயிரும். வடிகட்டற குழாயில போட்டா ஊதிக் குழாயே பிளக்கும். சூடு பட்டது பாதி, காத்து பட்டது பாதி. இதை இனி குப்பையிலதான் கொட்டணும்.

— அக்கா, எனக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லலையே.

— யானை அண்ணன் சொல்லலையா?

— சொன்னான். மூட்டை தூக்கறவன் ஏதோ சொல்றான்னு நினைச்சேன்.

— மத்தியானம் ரெண்டு மணிக்குத் தண்ணி ஏத்திக்கிட்டுப் போக வண்டி வருதுடா. ரெண்டாயிரம் லிட்டர். குழந்தைங்க ஆஸ்பத்திரி, உள்ள நுழைஞ்சதும் சுவர் நீளத்துக்குக் கடல்மீன் தொட்டி. அதுக்காக எத்தனை நாள் நடந்திருப்பேன் நான். அதுல வைக்கற உயிர்ப் பவளம் பெட்டியில ஏறி வந்துக்கிட்டிருக்கு, சாயங்காலம் இறங்குது. குழாய்த் தண்ணியில உப்பைக் கரைச்சு ஊத்தினா ரெண்டு வாரத்துல பாசி மூடி எல்லாம் செத்துக் கிடக்கும். ஊசிக்குப் பயந்து அழுதுக்கிட்டு வர்ற பிள்ளைங்க அதைத்தான் பார்க்கணுமா?

— புது ரெசின் வாங்கிடலாம்க்கா. நானே போய்...

— பத்து நாளாகும். ஒரு மூட்டை காஞ்சதுக்கே ஏழு வருஷம் ஸ்டோர் பார்த்த மனுஷனை வீட்டுக்கு அனுப்பினேன். நீ பன்னெண்டைக் காய வெச்சிருக்க.

— யாரை அனுப்பின?

— உனக்கு முன்னால இங்க இருந்தவர். தண்ணியில எவ்வளவு உப்பு இருக்குன்னு அளக்கற மீட்டர் எந்நேரமும் சட்டைப்பையில இருக்கும், அதனால பேரே மீட்டர். சரி, தள்ளு. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு முடியாதுன்னு சொல்லிடறேன்.

— அம்மா, போனைக் கொஞ்சம் கீழ வைங்க.

— விடுங்கண்ணே. நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்.

— வெச்சுட்டு, தார்ப்பாயில ஒரு பிடி அள்ளுங்க. அள்ளி ரெண்டு விரல்ல தேயுங்க.

— தேச்சு?

— ரெசின்னா எப்படி இருக்கும்? நீங்கதான் நூறு தடவை தொட்டிருக்கீங்களே.

— கடுகு மாதிரி உருளும். வழுவழுன்னு... அண்ணே.

— சொல்லுங்க.

— இது கையைக் குத்துது.

— குத்தத்தான் செய்யும். மணல் குத்தாம என்ன பண்ணும்?

— மணலா? என்ன யானை உளர்ற? நீலமும் பழுப்புமாக் கலந்து இருக்கு, ரெசின் நிறம்தானே இது?

— தொட்டி அடியில போடற கலர் மணல் சின்னவரே. நீல மூட்டை ஆறு, பழுப்பு மூட்டை ஆறு. கலந்தா எட்டி நின்னு பார்க்கறவருக்கு வித்தியாசம் தெரியாது. நீங்க கிட்ட நின்னும் பார்க்கல.

— நாலு நாளா மணலையாடா கிளறினேன் நான்?

— நல்லாத்தான் கிளறினீங்க. இவ்வளவு காஞ்ச மணலை நான் பார்த்ததே இல்ல.

— சிரிக்காதக்கா. என் கழுத்தைப் பாரு.

— சிரிக்காம என்னடா செய்ய. ஐயோ, வயிறு வலிக்குது. அண்ணே, அப்ப ரெசின் எங்க?

— கீழ, மாடிப்படிக்கு அடியில. இவர் மூட்டையெல்லாம் பிரிச்சுப் போட்டுட்டு, மாடிக்குத் தூக்குன்னு சொல்லிட்டுச் சாப்பிடப் போனார். அந்த ஒரு மணி நேரத்துல ஒவ்வொரு பையையும் அமுக்கிக் காத்தை வெளிய எடுத்தேன், வாயை முறுக்கி சைக்கிள் ட்யூப் போட்டுக் கட்டினேன், மூடி போட்ட டிரம்முல இறக்கிட்டேன். கடை மணலை நனைச்சு மாடியில கொட்டிட்டேன். வெயில் எட்டாத இடம். தினம் காலையில வந்து தொட்டுப் பார்ப்பேன், சில்லுன்னு இருக்கும்.

— என்கிட்ட ஏன் சொல்லல யானை?

— சொன்னேனே. அதுக்குத்தானே மாசக் கடைசியில என்னை அனுப்பறதா இருந்தீங்க.

— வாங்க, கீழ போவோம். பை நாலு நாளைக்கு முன்னாடி பிரிஞ்சது. கட்டினது சரியா இருந்தாலும் மீட்டர் சைபர் காட்டாம நான் நம்ப மாட்டேன்.

— நீங்க நம்பக் கூடாதும்மா. ரெசினைக் குழாயில நிரப்பித் தயாரா வெச்சிருக்கேன். சின்னவரே, அந்த வாளியைப் பிடிங்க. முதல்ல வர்ற தண்ணி நமக்கு வேணாம், கழுவி விட்டுடணும்.

— பிடிச்சுட்டேன். திறக்கட்டுமா?

— திறடா. மீட்டரை நான் பிடிக்கறேன். முதல் வடிகட்டியைத் தாண்டி உள்ள போற தண்ணி பதினாலு காட்டுது. இப்ப வெளிய வர்றது... ஒன்பது.

— ஒன்பதுன்னா போச்சாக்கா?

— பேசாத. ஆறு.

— இன்னும் கொஞ்சம் ஓடட்டும்மா. வாளியை மாத்துங்க சின்னவரே.

— மூணு. மூணுலயே நிக்குது.

— நிக்கட்டும்.

— ரெண்டு. ஒண்ணு.

— அக்கா, வாளி நிரம்பப் போகுது.

— வாளியைச் சிந்தாதடா. சைபர்.

— இன்னொரு தடவை பாருங்கம்மா.

— சைபர். சைபர். கண்ணாடி மாதிரி, ஒரு துளி அழுக்கு இல்லாம, சைபர். டேய், போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போடு. தண்ணி ரெடியாயிடும்னு சொல்லு. ரெண்டு மணி இல்ல, ஒரு மணிக்கே வண்டியை அனுப்பச் சொல்லு.

— போடறேன்க்கா. யானை... யானையண்ணே. காயக்கூடாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— பை மேல எழுதியிருக்கு. 'ஈரம் காயவிடாதீர். வெயில் படவிடாதீர்.' மீட்டர் அண்ணன்தான் இங்கேருந்து போற அன்னிக்கு என் விரலைப் பிடிச்சு ஒவ்வொரு எழுத்தா வெச்சுப் படிக்கச் சொன்னார்.

— உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?

— அப்ப அந்தப் பையை மட்டும்தான் தெரியும். அப்புறம் மத்ததையும் பழகிட்டேன்.

— அண்ணே, நான் பேச்சைச் சுத்தி வளைக்கல. ஸ்டோர் சாவி இனிமே உங்க கையில. இவன் உங்களைக் கேட்டுத்தான் ஒரு பையைக்கூடத் தொடணும். இந்தாங்க.

— சாவி எனக்கு வேணாம்மா.

— ஏன்? வேற என்ன வேணும், கேளுங்க. இன்னிக்கு எது கேட்டாலும் தருவேன்.

— மீட்டர் அண்ணனைக் கூப்பிட்டு அவர்கிட்ட குடுங்க. பார்சல் ஆபீஸ்ல பெட்டி எண்ணிக்கிட்டிருக்கார்.

— அவரையா? நல்ல மனுஷன்தான், இல்லேங்கல. ஆனா ஒரு மூட்டையை நாசம் பண்ணிட்டு, ஏன்னு கேட்டா 'என் பொறுப்பு'ன்னு ரெண்டே வார்த்தை. வேற ஒண்ணும் வாயில வரல. மீட்டரை மேசையில வெச்சுட்டுப் போயிட்டார்.

— வராதும்மா. என்னை அப்பதான் வேலைக்குச் சேர்த்திருந்தீங்க, வந்து ஒன்பது நாள்.

— அதுக்கும் இதுக்கும் என்னண்ணே?

— அன்னிக்கு அந்த மூட்டை ஈரமா இருக்கேன்னு பிரிச்சு, மேல அதே மாடியில காய வெச்சது நான்.