எடைக் கட்டம் பேசாத வாரம்

அபிநயா: ...அந்தக் கட்டத்துல இன்னா காட்டுது? படிங்கண்ணா.

தனசேகரன்: எந்தக் கட்டத்துல?

அபிநயா: எடை வர்ற கட்டத்துல. புரோகிராம் எழுதுனவளே கள்ளக்குறிச்சிலேர்ந்து பஸ் புடிச்சி வந்து, பக்கத்துல குந்திக்கினு கேக்கறன்...

தனசேகரன்: கண்ணாடிய வூட்டுல மறந்துட்டம்மா.

அபிநயா: மூக்கு மேல இருக்கறது?

தனசேகரன்: ...இது வேற கண்ணாடி.

அபிநயா: போன்ல "எடை வேல செய்யல"ன்னீங்க. நல்லாத்தான செய்யுது? எடை மேடை மேல நிக்கற மரவள்ளிக் கெழங்கு லாரி, பதிமூணாயிரத்து நூத்தி இருவது கிலோ.

தனசேகரன்: அதான்... எனக்குச் சொல்ல மாட்டேங்குது.

அபிநயா: எடை எங்கயாவது வாயத் தொறந்து...

தனசேகரன்: மெதுவாம்மா! மொதலாளி பக்கத்து ரூம்ல இருக்காரு.

அபிநயா: காதுல இன்னா ஒயரு? டியூட்டில பாட்டா?

தனசேகரன்: பாட்டு இல்லம்மா, ஒரு சாப்ட்வேரு. கர்சர் எங்க நிக்குதோ, அங்க இருக்கறத படிச்சிச் சொல்லும். எம்பொண்ணு தேவதர்ஷினி போட்டுக் குடுத்தா.

அபிநயா: அது கண்ணு தெரியாதவங்களுக்கு...

தனசேகரன்: ம்.

அபிநயா: ...அண்ணா.

தனசேகரன்: ஓரம் தெரியும்மா. நடுவுலதான் பொக மாரி. இந்த வேலைய வுட்டா நைனார்பாளையத்துல வேற எவன் கூப்புடுவான்? அதான் யார்கிட்டயும் சொல்லல. வண்டி நம்பர படிக்குது, பேர படிக்குது. நீ போன வாரம் புரோகிராம புதுசா மாத்திப் போட்டுக் குடுத்தல்ல... அன்னிலேர்ந்து எடைகிட்ட வந்தா மட்டும் கம்முனு இருக்குது.

அபிநயா: அப்ப ஒரு வாரமா எடைய எப்பிடி எழுதனீங்க?

தனசேகரன்: வண்டிக்காரங்கள உள்ள கூப்ட்டு, "நீங்களே படிங்க, அப்பறம் தகராறு வரக் கூடாது"ன்னுடுவன்.

அபிநயா: கில்லாடிதான்!

தனசேகரன்: அட போம்மா. நேத்து ஒருத்தன் படிக்கறதுக்கே யோசிச்சான். அவன் சொன்னது நெசமா பொய்யான்னு இன்னும் தெரியல.

அபிநயா: இருங்க, நான் எழுதுன புரோகிராம பாத்துடறன். ...அய்யய்யோ.

தனசேகரன்: இன்னாம்மா?

அபிநயா: தப்பு எம்மேலதாண்ணா. ஒவ்வொரு கட்டத்துக்கும் விண்டோ புரொசீஜர்னு ஒண்ணு இருக்கும். அந்தக் கட்டத்துக்கு வர்ற மெசேஜெல்லாம் அதுதான் வாங்கும். எடைய யாரும் கையால அடிக்கக் கூடாதுன்னு மொதலாளி கேட்டாரு. அதனால அதுக்கு முன்னால நான் எழுதுன புரொசீஜர் ஒண்ணக் காவலுக்கு நிறுத்தனன்.

தனசேகரன்: நல்லதுதான?

அபிநயா: கீபோர்ட்லேர்ந்து வந்தா தடுக்கணும், மத்ததெல்லாம் பின்னால இருக்கறதுக்குத் தள்ளி வுடணும். என்னோடது எடைய வாங்குது, காட்டுது, மீதிய முழுங்கிடுது. ஒங்க படிக்கற சாப்ட்வேரு "உள்ள இன்னா எழுதியிருக்குது"ன்னு கேட்டு ஒரு மெசேஜ் அனுப்பும். அதையும் சேத்து முழுங்கிடுச்சி.

தனசேகரன்: கேள்வியே போய்ச் சேரல, அப்பறம் எங்க பதில் வரும்...

அபிநயா: அதேதான்.

தனசேகரன்: எத்தினி நாளாவும்?

அபிநயா: நாளா? தெரியாத மெசேஜ பின்னால அனுப்புன்னு ஒரு வரி. எழுதிட்டன்... ஏத்திட்டன். ஒயர உருவுங்க, நானும் கேக்கறன்.

தனசேகரன்: ஒரு வரிக்காம்மா நான் ஒரு வாரமா...

அபிநயா: ஷ்ஷ்! எடைக் கட்டத்துக்குப் போங்க.

கம்ப்யூட்டர்: எடை. பதிமூன்றாயிரத்து நூற்று இருபது.

தனசேகரன்: இன்னொருவாட்டி சொல்லச் சொல்லும்மா.

கம்ப்யூட்டர்: எடை. பதிமூன்றாயிரத்து நூற்று இருபது.

தனசேகரன்: அப்பாடா... ஒரு வாரமா வாயில வெச்ச சோறு எறங்கல. இப்பதாம்மா பசிக்குது. வா, மொதல்ல டீ குடிக்கலாம்.

அரங்கநாதன்: யாருய்யா அது, பொம்பள கொரல்ல எடை சொல்றது?

தனசேகரன்: மொதலாளி! அது... சும்மா...

அரங்கநாதன்: நீயாவது சொல்லும்மா.

அபிநயா: சார், அது வந்து... டெஸ்டிங்...

தனசேகரன்: வேணாம்மா, எனக்காகப் பொய் சொல்லாத. எனக்குக் கண்ணு நடுவுல தெரியல மொதலாளி. பொங்கலுக்கு முன்னாலேர்ந்து. அந்தக் கொரலக் கேட்டுத்தான் எடைய எழுதறன்.

அரங்கநாதன்: இந்த சீசன் பூராவா?

தனசேகரன்: ஒரு லோடு தப்பல. மலையிலேர்ந்து எறங்கன கெழங்கு ஒவ்வொண்ணுக்கும் சரியாத்தான் போட்டிருக்கன். இந்த ஒரு வாரந்தான் அது பேசல...

அபிநயா: அது என் தப்பு சார். அவரோடது இல்ல.

அரங்கநாதன்: ...அந்தக் கதவ சாத்தும்மா.

அபிநயா: சார், அவர வேலைய வுட்டு...

அரங்கநாதன்: சாத்துன்றன்ல!

அபிநயா: ...சாத்திட்டன் சார்.

அரங்கநாதன்: அந்தப் பொம்பளைய என் கம்ப்யூட்டர்லயும் குடி வெச்சிட்டுப் போ, வெளிய மூச்சு வுடாத. ரெண்டு வருஷமா எனக்கும் ஒரு எழுத்து கண்ணுக்குத் தெரியல. இவனுக்குக் கண்ணு நல்லாயிருக்குதேன்ற தைரியத்துல, இவன் வெரல் வெக்கற எடத்துல கையெழுத்துப் போட்டுக்கினு கெடக்கறன்!