கசப்புக் கிணற்றுச் சந்துப் புறா

— நம்பலைன்னா போம்மா. நீ நிக்கிறதே கசப்புக் கிணத்துச் சந்து வாசல்லதான்.

— என்ன பெரியவரே, விளையாடுறீங்களா? பெய்ஜிங் முழுக்க மெட்ரோவுல மாறி மாறி வந்தேன். இங்கே பார்த்தா கண்ணாடிக் கட்டடம்தான் நிக்குது!

— சந்து வீடுங்களை இடிச்சு ரொம்ப வருஷமாச்சு. அந்த மரத்தை மட்டும் விட்டுட்டான். அரசாங்கம் நம்பர் தகடு அடிச்ச மரம். எங்க நெத்தியிலயும் ஒண்ணு அடிச்சிருந்தா நாங்களும் தப்பிச்சிருப்போம்.

— அய்யோ, அது நான் ஏறி விழுந்த மரமாச்சே! அப்போ இந்தக் காப்பிக் கடை இருக்கிற இடத்துல...

— பொதுக் கக்கூஸ்.

— ஆமா! காலையில வரிசையில நின்னுக்கிட்டே "சாப்பிட்டாச்சா"ன்னு விசாரிப்பாங்களே!

— இப்பவும் காலையில அங்கே வரிசைதான். காப்பிக்கு.

— அந்த மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கிப் பேசுங்களேன். பாதி புரியலை.

— இந்தக் குளிர்காத்துலயா? தொண்டை ஏற்கெனவே கட்டிப்போச்சு. இந்தா, சுட்ட சக்கரவள்ளிக் கிழங்கு. பாதி எடுத்துக்க.

— அய்யய்யோ, வேண்டாங்க.

— அட, எடுத்துக்கம்மா. நின்னுக்கிட்டுத் தின்னாதே, இந்த முக்காலியில உக்காரு. நான் திட்டுல உக்காந்துக்கிறேன். எந்த ஊரு இப்போ?

— தெற்கே, குவாங்ஜோ. அப்பாவுக்குப் பிடிக்காதவரைக் கட்டிக்கிட்டுப் போனவ நான். "இனி இந்த வாசப்படியை மிதிக்காதே"ன்னார். இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. மிதிக்கலாமான்னு கேட்கத்தான் வந்தேன். இங்கே வாசப்படியே இல்லை.

— வேற எங்கேயாவது குடி போயிருப்பாங்க.

— அண்ணன் விலாசம் அனுப்பியிருக்கான். ஊருக்கு வெளியே பதினேழாவது மாடியாம். ஆனா கால் இங்கேதான் வந்துச்சு. அங்கே போய் அப்பா கதவைச் சாத்திட்டா நான் தாங்க மாட்டேன், பெரியவரே.

— கிழங்கு ஆறுது, சாப்பிடு.

— நீங்க ஏன் இந்தக் குளிர்ல இங்கே உக்காந்திருக்கீங்க?

— புறாவுக்காக. ஒண்ணு பறந்து போயிடுச்சு. புறா பழைய கூரையைத்தானே தேடி வரும்? பதினேழாவது மாடியெல்லாம் அதுக்கு என்ன தெரியும்? அதான் தினமும் வந்து காத்திருக்கேன்.

— வந்தா பிடிச்சுடுவீங்களா?

— சேச்சே. சட்டுன்னு கை நீட்டினா திரும்பவும் பறந்துடும். தீனியை முன்னால வெச்சுட்டு, ஏதாவது பேசிக்கிட்டே இருக்கணும்.

— அதுக்கு உங்க மேல கோபம் இருந்தா?

— இருக்கத்தான் செய்யும். கூண்டைச் சாத்தினது நான்தானே.

— எங்க அப்பாவும் வளர்த்தார். வாலுல சின்ன ஊதல் கட்டிப் பறக்கவிடுவார், காத்து பட்டு வானமெல்லாம் ஊதும். அந்தச் சத்தத்தைத் திரும்பக் கேட்க மாட்டோமான்னு குவாங்ஜோவுல எத்தனை நாள் ஏங்கியிருக்கேன்... இருங்க, அண்ணன் கூப்பிடுறான். அலோ, அண்ணே!

— ரூயிங்! எங்கேடி தொலைஞ்சே? ட்ரெயின் எப்பவோ வந்தாச்சாமே!

— பழைய சந்துல இருக்கேன். திட்டாதே. வீட்டுக்கு வரவே பயமா இருக்கு. அப்பா என்னைப் பத்தி ஏதாவது பேசுவாரா?

— உன் பேரையே எடுக்க மாட்டார். மத்தியானம் முக்காலியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பினா இருட்டினாத்தான் வருவார். எங்கே போனீங்கன்னு கேட்டா, புறாவைப் பார்க்கப் போனேன்பார்.

— இன்னும் புறா வளர்க்கிறாரா?

— எங்கேடி? நீ வீட்டை விட்டுப் போன அதே வாரம் ஒண்ணு விடாம எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டாரே. அப்புறம் ஒரு புறாவைக்கூடக் கையால தொட்டதில்லை. அலோ? ஏன்டி பேச மாட்டேங்கிறே? அலோ, ரூயிங்?

— பெரியவரே... அந்த மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்குங்க.

— வழி கேட்டியே, அப்பவே குரல் தெரிஞ்சுபோச்சு, பொண்ணே. பறந்துடுவியோன்னுதான் பேசிக்கிட்டே இருந்தேன்.