பூநாரைகள் நின்ற வாசல்

தல்லாகுளத்தில் ஓர் எழுத்தாளர் கடற்கரைகளையும் அங்குள்ள உயிர்களையும் பற்றிப் படம் காட்டிப் பேசினார். கூட்டம் முடிந்து இரவு பழங்காநத்தம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறியபோது, நானும் எனக்கு முன் இருக்கையில் அதே கூட்டத்துக்கு வந்திருந்த, ஐம்பதைத் தாண்டிய ஒரு கணவன் மனைவியும் இருந்தோம், எழுத்தாளர் இல்லை. அந்த அம்மா சொன்னதை அவர் கேட்டிருக்க வேண்டும்.

"கடைசிப் படத்துல பூநாரைக நின்னுச்சுல்ல, அது நம்ம வீட்டு வாசலுங்க."

"பழங்காநத்தத்துலயா?" என்றார் கணவர்.

"கேலி பண்ணாதீக. எங்க ஆத்தா வீட்டு வாசல். தண்ணிக்குள்ள ஒத்தப் பனை தெரிஞ்சுச்சே, அதுலதான் எங்கய்யா வலை கட்டிக் காயப்போடுவாரு. அதுக்கு இங்கிட்டு அடுப்படி. அம்புட்டையும் கடல் எடுத்துக்கிருச்சு."

"அங்கயே எந்திரிச்சுச் சொல்லியிருக்கலாம்ல?"

"எம்புட்டு அழகுன்னு எல்லாரும் கை தட்டுனாக. எப்படிச் சொல்ல?"



"வீடு போனப்புறம் அந்தப் பக்கமே வரமாட்டேன்னு நீதான சொன்ன?"

"ஒண்ணுமே மிச்சமில்லன்னு நெனச்சேன். இன்னொரு புயலடிச்சா பனையும் போயிருங்க."

கோரிப்பாளையம் நிறுத்தம் வந்தது. கணவர் எழுந்துகொண்டார்.

"வா, எறங்குவோம். மாட்டுத்தாவணில ராமேசுவரம் பஸ்ஸு நிக்கும். விடியும்போது கரையில இருக்கலாம்."

"இப்பவேவா? ஆட்டி வச்ச மாவு பொங்கி வழியுமே!"

"வழியட்டும்."

இருவரும் இறங்கிப் போனார்கள். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் வீணானது அவருடைய டிக்கெட் மட்டும்தான்: பதினைந்து ரூபாய்.