ஓரம் தடவும் விரல்

— ...அதனால அந்த ஷாப்பிங் ஆப்ல இருந்த பட்டனைச் சாம்பல்லருந்து பச்சைக்கு மாத்தினேன். ஒரே வாரத்துல விற்பனை ஏறிடுச்சு.

— பட்டனுக்குப் பெயிண்ட் அடிச்சதுக்கா உனக்குச் சம்பளம் குடுத்தாங்க?

— அக்கா, கிண்டல் பண்ணாத. நாளைக்கு இன்டர்வியூல அஞ்சு பேர் உட்கார்ந்து கேள்வி கேப்பாங்க. இப்ப நீதான் அந்த அஞ்சு பேர்.

— அப்ப அஞ்சு பேருக்கும் டீ ஊத்து.

— மெதுவா சிரி. சத்தம் போடாத.

— ஏன், அஞ்சு பேர்ல ஒருத்தர் தூங்கிட்டாரா?

— இல்லக்கா, உள்ள...

— சரி சரி, அடுத்ததைக் காட்டு. ஸ்கூல் வேன் வர்ற நேரமாச்சு, உன் அத்தான் வந்ததும் காபி கேப்பாரு.

— அத்தானுக்கு நான் ஒரு தாங்க்ஸ் சொல்லணும். வேன்ல முன் சீட்டு குடுத்ததுலருந்து என் பாப்பாவுக்கு வாந்தியே இல்ல.

— அதுக்கென்ன இப்ப. காட்டு.

— இது ரயில் டிக்கெட் எடுக்கிற பக்கம். பணம் கட்டின பிறகு...

— இதுவா! இதுல நான் போக வேண்டிய ஊருக்கு டிக்கெட் எடுக்காம, அங்கருந்து இங்க வர்றதுக்கு எடுத்தேன். இதைச் செஞ்சவன் நாசமாப் போகன்னு திட்டினேனே!

— அது நான் மாத்தறதுக்கு முன்னாடி.

— நல்லதுன்னா நீ. கெட்டதுன்னா முன்னாடி இருந்தவன்.

— எங்க தொழிலே அதுதான். புதுசை வரைஞ்சதும் பாப்பாகிட்ட காட்டினேன். எழுத்துக்கூட்டவே இல்ல அவ. "பச்சை, போகலாம்"ன்னு டக்குனு அழுத்திட்டா.

— ...அப்படியா சொன்னா?

— இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் அதான். லிஃப்ட்ல விளக்கு எரிஞ்சா "சிவப்பு, நில்லு"ங்கறா. என் ரத்தம்க்கா. நிறம்தான் முதல்ல கண்ணுல படுது.

— ம்... அடுத்தது?

— இதுதான் என் துருப்புச்சீட்டு. பார்வை மங்கினவங்களுக்காக ஒரு போன் திரை. போன வருஷம் செஞ்சது. இதைப் பார்த்துட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க.

— கண்ணு தெரியாதவங்க எப்படிடா திரையைப் பார்ப்பாங்க?

— சுத்தமாத் தெரியாதவங்க இல்ல. ஓரமெல்லாம் தெரியும், நடுவுல மட்டும் மங்கல். எதிர்ல நிக்கிறவர் தோள் தெரியும், மூஞ்சி தெரியாது. கண் ஆஸ்பத்திரி மூலமா சில பேர் வந்தாங்க. போனைக் கையில குடுத்து, என்ன பண்றாங்கன்னு வீடியோ எடுத்தாங்க.

— நீயா எடுத்த?

— வேற ஆளுங்க. நான் பக்கத்துல நின்னா, பாவம் பையன் மனசு கோணக் கூடாதுன்னு எல்லாம் நல்லாருக்குன்னுடுவாங்க. எங்களுக்கு வர்றது கை மட்டும்தான். மூஞ்சி இல்ல, பேர் இல்ல, குரல்கூட இல்ல. இந்தா, இவரைப் பாரு. மத்தவங்கெல்லாம் போனை மூக்குக்கிட்ட கொண்டுபோனாங்க. இவர் திரையைத் தேடவே இல்ல. கட்டைவிரலால ஓரத்தைத் தடவறாரு... மூலைக்கு வந்துட்டாரு... அங்கருந்து அளந்து உள்ள போறாரு. பாத்தியா? நான் எல்லா பட்டனையும் மூலைக்குக் கொண்டுபோனதே இந்த மனுஷனாலதான். ...அக்கா, டீ! சிந்துது பாரு!

— இதை எடுத்துடு.

— எதை?

— இந்த வீடியோவை. நாளைக்குக் காட்டாத.

— விளையாடறியா? இது இல்லாம என்கிட்ட என்ன இருக்கு?

— ஒருத்தர் தடுமாறறதை அஞ்சு பேர் முன்னாடி ஓட்டுவியா? நல்லா இல்லடா.

— அவர் சம்மதிச்சுத்தான் எடுத்தது.

— அவரா? அவர் வாயால சம்மதிச்சாரா?

— ஆமா... நீ ஏன் எழுந்துட்ட?

— ஒண்ணுமில்ல. அதை மூடு முதல்ல.

— மூடாத! கையை எடுக்கா. ...இரு. இரு.

— என்னத்தை இரு?

— நேத்து சாப்பிடும்போது... தண்ணி டம்ளர். அத்தான் மேசை ஓரத்தைத் தடவிக்கிட்டே போய் எடுத்தாரு. மேசையை ஏன் துடைக்கிறீங்கன்னு நான் கேட்டேன். நீகூட சிரிச்ச.

— சிரிச்சேன்.

— அக்கா... இது அத்தானா?

— விரல்னா எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

— ஒரு வருஷமா இந்தக் கையைப் பார்க்கறேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கேன். நகம் வரைக்கும் மனப்பாடம். எதிர்ல உட்கார்ந்து சாப்பிடற மனுஷனை நான்... சொல்லுக்கா. அத்தானா?

— ...அவர்தான். இப்படி ஒரு இடத்துக்குப் போய் உட்கார்ந்தது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது.

— அவர் ஸ்கூல் வேன் ஓட்டறாரு!

— கத்தாத.

— கத்தாம? வேன் நிறையப் பிள்ளைங்கக்கா! என் பொண்ணை தினம் நானே தூக்கி உள்ள உட்கார வைக்கிறேன்!

— மெதுவாத்தான் ஓட்டுவாரு. ரோடு பழக்கம். பெரிய வண்டியெல்லாம் தெரியும் அவருக்கு.

— அப்ப கண்ணு இப்படி இருக்கிறது உனக்குத் தெரியும்.

— லேசா மங்கல்னாரு. கண்ணாடி மாத்தினா சரியாயிடும்னாரு. மாத்தினாரு.

— கண்ணாடியில சரியாகாதுக்கா. நடுவுல போனது திரும்ப வராது. என் முதல் பக்கத்துலயே இருக்கு பாரு. நானே டைப் அடிச்சேன்! வேலையை விடச் சொல்ல உனக்கு வாய் வரலையா?

— சொன்னேன். ஸ்டியரிங்கை விட்டா நான் யாருடின்னாரு. அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. அதுக்கப்புறம் நான் பேச்சை எடுக்கல.

— மணி என்ன? ஸ்கூல் விட்டிருக்குமே?

— விட்டாச்சு. வந்துக்கிட்டு இருப்பாங்க.

— போனை எடு. எங்கயாவது ஓரமா நிறுத்தச் சொல்றேன்.

— போன் பண்ணாத!

— ஏன்?

— அடிச்சா ஸ்டியரிங்கை விட்டுட்டுக் கையால தேடுவாரு.

— ஐயோ... என் பைக் சாவி எங்க? நான் எதிர்ல போறேன்.

— திடீர்னு குறுக்க போய் நிக்காதடா, நீ நிக்கிறது தெரியாது அவருக்கு. உட்காரு. வீடு வந்து சேரட்டும். நாளைலருந்து அவர் வேன் எடுக்க மாட்டாரு, நான் பார்த்துக்கறேன்.

— நாளைக்கா? பெரிய ரோட்டு சிக்னல் இருக்கே! லாரிங்க வர்ற இடம். நட்டநடுவுல தொங்கற விளக்கை இவர் எப்படிப் பார்ப்பாரு?

— சிக்னல்ல ஒண்ணும் ஆகாது.

— அதெப்படி அடிச்சுச் சொல்ற?

— ஆகாதுன்னா ஆகாது. தினம் வரலையா? பாப்பா பத்திரமா வந்துடுவா, நீ பயப்படாத.

— பாப்பாவா? அவ உள்ள தூங்கறாக்கா.

— ...என்னது?

— மதியமே காய்ச்சல்னு ஸ்கூல்லருந்து கூப்பிட்டாங்க. நீ கடைக்குப் போயிருந்தப்ப நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன். அதைத்தான் அப்பவே சொல்ல வந்தேன், நீ எங்க விட்ட? ...அக்கா? என்னைப் பாரு.

— முன் சீட்டு அவ வாந்திக்காக இல்லடா... பச்சை, போகலாம்... சிவப்பு, நில்லு... விளையாட்டுன்னு நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். இன்னைக்கு அவருக்கு யாரு சொல்லுவா?