முடிந்த மாதத்து விற்பனை

"உங்களை வேலையால நிப்பாட்டின மாசத்து விற்பனை இன்னும் ஏறுது, அக்கா."

வெள்ளவத்தையில் கல்கிசை பஸ் ஏறிய பெண், எனக்கு முன் சீட்டில் இருந்த தன் பழைய மனேஜரிடம் சொன்னது இது. இருவரும் ஒரு சீலைக் கடையின் இணைய விளம்பரங்களைக் கவனித்தவர்கள்; இவள் இன்னும் அங்கேதான்.

"முடிஞ்ச மாசம் எப்பிடியக்கா ஏறுது?"

"போனில விளம்பரத்தை விரலால அமத்திப் பாத்த அண்டைக்கே ஆர் கூறைச்சீலை வாங்கினம்? வீட்டில கதைச்சு, கிழமைக்கணக்கில யோசிச்சு ஆறுதலாத்தான் வாங்குவினம். கம்ப்யூட்டர் அந்த விற்பனையை, அமத்தின மாசத்திலதான் பதியும்."

"அப்ப ரிப்போர்ட்டில ஒண்டும் இல்லையெண்டுதானே உங்களை அனுப்பினவை."

"ஓம். கொஞ்சம் பொறுங்கோ எண்டு சொன்னனான். கேக்கேல்லை."

பம்பலப்பிட்டிப் பக்கம் போகும் பஸ்கள் எதிரே நெரிந்து நின்றன. அக்காதான் மறுபடி கதைத்தாள்.

"இப்ப அந்த ரிப்போர்ட்டைப் பாத்திட்டு முதலாளி என்னவாம்?"

"புதுசா வந்த மனேஜர் கெட்டிக்காரனாம்."